சேமின் கூடாரத்தில் ஒரு மாப்பிள்ளை

என் தங்கையின் கணவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நல்லதா எழுதுவீங்களா, இல்ல வழக்கம்போலவா?" என்பதுதான். எனக்கு வாய் நீளம். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். தொழில் கண்ணாடி வெட்டுவது. பகல் முழுக்கக் கையை அடக்கி வேலை செய்கிறவனிடம் வாயையும் அடக்கு என்றால் பாவம் அவன் எங்கே போவான்? ஆனாலும் இது நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். இடையில் கோபம் தலைகாட்டினால் அது என்மேல் எனக்கு வரும் கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்குத் தார்ப்பாய் தைக்கிற வேலை. லாரிக்கு மூடுவது, கடை வாசலுக்கு வெயில் மறைப்பது, கூட்டம் போடுகிறவர்களுக்குப் பெரிய கூடாரம், எல்லாம் தைப்பார். அந்தப் பட்டறையில் நாற்காலி கிடையாது. துணி தரை முழுக்க விரிந்து கிடக்கும். மெஷினைத் தரையோடு பதித்து, அதன்முன் பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து தைக்கவேண்டும். மெஷின் நுழையாத மூலைகளுக்குக் கைத்தையல். உள்ளங்கையில் ஒரு தோல் பட்டையைக் கட்டிக்கொண்டு, அதை வைத்து ஊசியைத் தள்ளுவார். எங்கள் தெருவில் அவருக்குத் "தார்ப்பாய்" என்றே பெயர். தெருவிலுள்ள பள்ளிக்கூடப் பைகளில் பாதிக்கு வார் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அவருக்குத் தாய் தகப்பன் யார் என்று தெரியாது. சர்ச் சபை நடத்திய விடுதியில் வளர்ந்தவர். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கண்ணாடிக் கடை வாசலுக்கு வெயில் மறைப்புத் தைத்து மாட்ட வந்தார். மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கியவர், கீழே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி ஏறி முழுவதையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார். ஓரத்தில் நாலு தையல் கோணலாக இருந்ததாம். எங்கள் யார் கண்ணுக்கும் அது படவில்லை. அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த மாதம் என் தங்கையைக் கேட்கும்படி அப்பாவே ஆள் அனுப்பினார்.

நான் குதித்தேன். "அப்பன் பேரு தெரியாத ஆளுக்குப் பொண்ணைக் குடுக்கிறதா? தையல் நேரா இருந்தா போதுமா?" என்றேன். அப்பா கல்யாணத்துக்கு நாள் குறித்தார். கல்யாணம் முடிந்து வந்த அன்று, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மாப்பிள்ளையிடம், "வெளியில இடம் தேடாதீங்க. இந்த வீட்டுலயே இருங்க" என்றார். கடைக்கு மேலே மாடியில் மூன்று அறை. பின்னறை அவர்களுக்கு என்றானது.

அன்றிலிருந்து என் வாய்க்கு வேலை கிடைத்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்பதைவிட வாய்க்கு வசதியான விஷயம் உலகத்தில் உண்டா? விருந்தாளி யாராவது வந்தால், "மூணு ரூம், ஆறு நாற்காலி, ஒரு மாப்பிள்ளை, இவ்வளவுதான் எங்க வீடு" என்பேன். எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இந்த மனிதருக்கு எதுவும் உறைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

செய்ததையும் சொல்லவேண்டும். அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம் கிடந்தபோது அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியது மாப்பிள்ளை. பெற்ற மகன் எனக்கு அந்த வாடை குமட்டும், வாசலோடு நின்றுவிடுவேன். அப்பா போன மறு வருஷம் ஒரு கண்ணாடி சரிந்து என் மணிக்கட்டு நரம்பை அறுத்தது. நாலு மாதம் விரலை மடக்க முடியவில்லை. பட்டறை முடிந்ததும் நேரே கடைக்கு வந்து, நான் ஸ்டூலில் உட்கார்ந்து கத்தக் கத்த, கண்ணாடி வெட்டியவர் அவர். முதல் வாரம் உடைத்ததுதான் அதிகம். "மாப்ளே, இது துணி இல்ல, பிரிச்சுத் தைக்கிறதுக்கு" என்று கத்துவேன். "தெரியுது மச்சான், சத்தம் வேற மாதிரி வருது" என்பார். நாலு மாதமும் ஒரு நாள் கடை மூடவில்லை.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இந்த வருஷம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் சபையில் புதன்கிழமை சாயங்காலம் வேதம் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. சர்ச்சை ஒட்டிய சின்ன அறை, வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடத்துவது டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்தார்கள், இங்கே அவருக்கு யார் ஓய்வு கொடுப்பது? அவர் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே வேதப்பகுதிகள் எழுதிய சீட்டுகள். இந்த வாரம் சீட்டு எடுக்கிறவர் அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேசவேண்டும். மாற்றிக்கொள்ளக் கூடாது. பேசுகிறவருக்கு வலப்பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் ஜெபித்து முடிக்கவேண்டும். இந்த இரண்டு சட்டத்தையும் போதகரே வந்தாலும் மீறமுடியாது.

ஒரு புதன்கிழமை சீட்டு எடுக்கும் முறை மாப்பிள்ளைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. நோவா தன் பிள்ளைகளைக் குறித்துச் சொன்ன வார்த்தை. சேம், காம், யாப்பேத்து என்ற மூன்று மகன்களிலிருந்து உலகத்து மக்களினங்களெல்லாம் பெருகின, அவர்களுக்கு அவன் சொன்ன ஆசீர்வாதமும் சாபமும். மேய்ப்பன், ஆட்டுக்குட்டி என்று எத்தனையோ சுலபமான சீட்டு அந்த டப்பாவில் இருக்க, இவர் கைக்குப் போய் இது வந்ததே என்று எனக்குச் சிரிப்பு. "நல்லா மாட்டினீங்க மாப்ளே" என்றேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். என் மகனுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். அவன் இத்தனை நாளும் முன்னறையில் பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தான். மருமகள் வந்தால் பெஞ்சிலா படுக்க முடியும்? யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்த வழி ஒன்றுதான். கண்ணாடியில் அளவுகோலை வைத்தபடியே, அவர் முகத்தைப் பாராமல் சொன்னேன்.

"மாப்ளே, பையனுக்கு அந்தப் பின்னறை வேணும். உங்க பொண்ணும் கல்யாணம் ஆகிப் போயாச்சு. நீங்க ரெண்டு பேர்தானே. பக்கத்துலயே ஒரு இடமாப் பாத்துக்குங்களேன்."

"சரி மச்சான்" என்றார். பிறகு, "அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்லவேண்டாம். கொஞ்சம் பக்குவமாச் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றியிருப்பேன். அந்த வழியையும் அவர் எனக்கு வைக்கவில்லை.

அதன்பிறகுதான் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்த வேதத்தை எடுத்துப் பிரித்தேன். யாப்பேத்தை தேவன் பெருகச் செய்வார், அவன் சேமின் கூடாரங்களில் குடியிருப்பான் என்று இருக்கிறது. ஒரு சகோதரன் கூடாரத்தில் இன்னொரு சகோதரன் குடியிருப்பதே ஆசீர்வாதம் என்று வேதம் சொல்கிறது. நான் என்னடா என்றால் குடியிருக்கிறவரைக் கிளப்பியிருக்கிறேன். புதன்கிழமை இந்த மனிதர் எழுந்து நின்று, பத்துப் பேர் முன்னால், என் தங்கையும் உட்கார்ந்திருக்க, என் தோலை உரிக்கப்போகிறார். உரித்தால் தப்பு சொல்லவும் முடியாது. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தேன். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "எழுந்திரிங்க, கல்லு மாதிரி இருக்கீங்க" என்றாள்.

போனேன். நேரமாகிவிட்டதால் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். என் நேரம் அப்படி.

மாப்பிள்ளை எழுந்து சீட்டை ஒருமுறை வாசித்தார். கையில் அந்த ஊசி தள்ளும் தோல் பட்டையின் தடம் இருந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது. தைக்கத் தெரியும், அதை வெச்சே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "கூடாரத்தைப் பெருசாக்கணும்னா வெளியில கொஞ்சம் துணியை ஒட்டுப்போட்டாப் போதும்னு நினைப்பாங்க. அது நிக்காது. காத்து அடிச்சா முதல்ல பிஞ்சுக்கும். ஓரத்துல மடிச்சு, உள்ளே கயிறு வெச்சு, ரெட்டைத் தையல் போட்டிருப்போம் பாருங்க, இருக்கறதுலயே கெட்டியான இடம், அதைத்தான் பிரிக்கணும். பிரிச்சுட்டு அங்கதான் புதுத் துணியைச் சேர்க்கணும். நோவா சொன்ன ஆசீர்வாதத்தை நான் அப்படித்தான் வாசிச்சேன். யாப்பேத்து பெருகினான்னா, சேமோட ஓரத்தை யாரோ பிரிச்சிருக்காங்க."

டீச்சரம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை மேலே சொன்னார்.

"சேமோட வம்சத்துலதான் ஆபிரகாம் வந்தாரு. அந்த வழியிலதான் நம்ம ஆண்டவர் பிறந்தாரு. தூரத்துல இருந்த மத்த தேசத்து ஜனங்களெல்லாம் அவர் மூலமா உள்ளே வந்தாங்க. யாப்பேத்து சேமோட கூடாரத்துல குடியிருப்பான்னா இதுதான் அர்த்தம்னு சபையில பெரியவங்க ரொம்ப காலமாச் சொல்லிட்டு வர்றாங்க. அப்படின்னா நாம யாரு? இந்த ரூம்ல இருக்கற ஒருத்தரும் அந்தக் கூடாரத்துக்குச் சொந்தக்காரங்க இல்ல. எல்லாருமே வந்து சேர்ந்தவங்க."

எங்கள் கூட்டத்தில் கம்பவுண்டர் ஒருவர் உண்டு, அவர் கையைத் தூக்கினார். யார் பேசினாலும் குறுக்கே ஒரு கேள்வி கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "அது சரி, காமோட பையன் கானான் மத்தவங்களுக்கு அடிமையா இருப்பான்னும் அதே இடத்துல இருக்கே. அதை மட்டும் விட்டுட்டீங்க?"

"அதுக்குத்தான் வாரம் பூரா பயந்துட்டிருந்தேன்" என்றார் மாப்பிள்ளை. "அந்த வரியைக் காட்டிக் காட்டி மனுஷன் மனுஷனைச் சங்கிலியில கட்டியிருக்கான். அது பாவம். அந்தச் சாபத்தைக் கடவுள் சொன்னதா அங்க இல்ல. குடிச்சுட்டு எழுந்து, வெட்கப்பட்டுப்போன ஒரு அப்பா சொன்னது. பின்னாடி பாருங்க, கானான் தேசத்துப் பொம்பளை ஒருத்தி தன் பொண்ணுக்காக ஆண்டவர் பின்னாலேயே கத்திக்கிட்டு வந்தா. அனுப்பிவிடுங்கன்னு சீஷர்கள் சொன்னாங்க. கடைசியில ஆண்டவர், உன் விசுவாசம் பெருசும்மான்னு சொல்லிக் கேட்டதைக் குடுத்து அனுப்பினாரு. எனக்கு அந்தச் சாபம் அங்கயே முடிஞ்சு போச்சு."

கம்பவுண்டர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

இனி என் தோலை உரிப்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை சீட்டை மடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. இதுக்கு சேம் என்ன சொன்னான்னு தேடித் தேடிப் பார்த்தேன். ஒண்ணும் எழுதலை. வார்த்தை குடுத்தது அப்பா. கூடாரம் அவனோடது. தினமும் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் விட்டவன் அவன்தான். எல்லாரும் யாப்பேத்துக்குக் கிடைச்சதைப் பத்தியே பிரசங்கம் பண்றாங்க. சேமுக்கு யாரும் நன்றி சொல்லலை. அதனால இன்னிக்கு நான் சேமுக்கு நன்றி சொல்றேன். அவன் கூடாரத்துல நான் நல்லா இருந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. எதிரில் என் தங்கை, புருஷன் நன்றாகப் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னறையைக் காலி செய்யவேண்டும் என்று அவளுக்கு அப்போதும் தெரியாது. இருந்தேன் என்றாரே, இருக்கிறேன் என்று சொல்லவில்லையே என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் கேட்டது.

"முடிச்சு ஜெபிங்க" என்றார் டீச்சரம்மா என்னைப் பார்த்து.

எனக்கு ஒரு ஜெபம் மனப்பாடம். இருபது வருஷமாக அதே ஜெபம். இந்த நல்ல வேளைக்காக, கூடிவந்த பிள்ளைகளுக்காக, கேட்ட வசனத்துக்காக என்று வண்டி தானாக ஓடும். அன்றும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடி ஆரம்பித்தேன். கேட்ட வசனத்துக்காக என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மனுஷனிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசும்போது எப்படிப் புளுகுவது?

"ஆண்டவரே, அந்த சேம் நான்தான்" என்றேன். "இந்த மனுஷனுக்கு எங்கப்பா வார்த்தை குடுத்தாரு. நான் அவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். அவர் எனக்கு நன்றி சொல்றாரு. எனக்கு வெட்கமா இருக்கு ஆண்டவரே. அவர் போகவேண்டாம்."

"யாரை யாரு காலி பண்ணச் சொன்னது?"

என் தங்கையின் குரல். ஜெபத்தின் நடுவில். கண்ணைத் திறந்தேன். எல்லோரும் திறந்துவிட்டார்கள், டீச்சரம்மா மட்டும் மூடியபடியே, "ஜெபம் முடியலை" என்றார்.

"முடியவேண்டாம் டீச்சர். அண்ணா, நீ முதல்ல எனக்குப் பதில் சொல்லு, அப்புறம் ஆமென் சொல்லு" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். எப்போ சொல்றதா இருந்தீங்க? சட்டி பானையைத் தூக்கி வெளிய வெச்சதுக்கு அப்புறமா?"

ரகசியத்தை ஜெபத்தில் போட்டு உடைத்தவன் எங்கள் சபையில் நான் ஒருவன்தான் இருப்பேன். மாப்பிள்ளை என் தங்கையைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். அவள் என்னைத் திட்டினாள். கம்பவுண்டர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கடைசியில் ஆமென் யார் சொன்னார்கள் என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாங்கள் இருவரும் எங்கள் அறையை மகனுக்குக் கொடுத்துவிட்டு, கீழே கடைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிகள் அடைந்து கிடக்கும் அறைக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். எப்படியும் ஒரு ரகளை உண்டு என்று நினைத்தேன். அவள், "எனக்கு மாடிப்படி ஏறி முட்டி போச்சு. இதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு வருஷமா?" என்றாள். மகனோ, "நான் பின்னறையைக் கேட்டேனாப்பா?" என்று ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிட்டான். உண்மைதான், அவன் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

தங்கை என்னோடு நாலு நாள் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் தட்டில் வேகமாகப் போட்டாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே மாப்பிள்ளை என்னிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "மச்சான், ஒரு இடம் பேசி வெச்சுட்டேன். சாவி கைக்கு வந்தாச்சு. போய் வேண்டாம்னு சொல்லிட்டு வரணும்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். ரெண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள். உள்ளே போய்ப் பார்த்தேன். ஒழுகுகிற குழாயை அவர் அதற்குள் சரிசெய்துவிட்டிருந்தார். ஒரு சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார். சமையல் மேடை உயரம் என்று என் தங்கைக்காகக் கீழே ஒரு பலகை போட்டிருந்தார். ஐந்து நாளில், பட்டறை வேலைக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். வீடு வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் அவருக்கு ஏமாற்றம். "ஏங்க, இவ்வளவு வேலை செஞ்சுட்டு? வீட்டுல ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்லைங்கம்மா, நல்ல வீடு" என்றார் மாப்பிள்ளை. "எனக்கு வீடு இருக்கு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அறுபது வயதாகப்போகிற மனிதர். முப்பத்தொரு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. நான் அவர் கையிலிருந்து சாவியை வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஆமாம்மா," என்றேன், "இருக்கு."